வீட்டில் ஈரப்பதம் நீக்கியின் பயன்பாடு

ஈரப்பதம் நீக்கி என்பது மூடிய அறையின் காற்றில் கலந்துள்ள நீராவியைப் பிரித்து, நீராக மாற்றிச் சேகரிக்கும் மின் கருவி ஆகும். ‘ஈரமகற்றி’ என்றும் இதைச் சொல்வதுண்டு. ஆனால் கடைகளில் ‘டிஹியூமிடிஃபையர்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் படர்வது, அலமாரித் துணியில் மக்கிய வாடை அடிப்பது, புத்தகத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, அப்பளம் நமத்துப் போவது ஆகியவை வீட்டுக் காற்றில் ஈரம் மிகுந்துவிட்டதன் அடையாளங்கள். அந்த ஈரத்தைக் குறைக்க இக்கருவி உதவும். எல்லா ஈரத்துக்கும் இது மருந்தல்ல. தவறாகப் பயன்படுத்தினால் மின்சாரம் வீணாவதோடு தீ விபத்துக்கும் இடமுண்டு. ஆகவே, இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது.

ஒப்பு ஈரப்பதம்

காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமான நீராவி அதில் இருக்க முடியும். ஒரு கன மீட்டர் இடத்தில் 10°செ வெப்பநிலையில் ஏறத்தாழ 9 கிராம், 20°செ வெப்பநிலையில் 17 கிராம், 30°செ வெப்பநிலையில் 30 கிராம் நீராவி வரை இருக்கலாம். இந்த உச்ச அளவில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். வானிலை அறிக்கையில் ‘ஈரப்பதம் 85 சதவீதம்’ என்று சொல்வது இதைத்தான்.

ஈரமான காற்று குளிர்ந்துகொண்டே வந்தால், ஒரு நிலைக்குக் கீழே அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். 28°செ வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பனிநிலை சுமார் 25°செ ஆகும். மூன்றே பாகை குளிர்ந்த சுவர் இருந்தாலும் அதில் வியர்க்கும். குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும், வடக்குப் பார்த்த சுவரில் பீரோவுக்குப் பின்னால் முதலில் பூஞ்சணம் பிடிப்பதும் ஒரே காரணத்தால்தான்.

ஈரம் மிகுவதால் வரும் கேடுகள்

அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சணம் வளர ஏற்ற சூழல் உருவாகிறது. படுக்கை, தலையணை, திரைச்சீலை ஆகியவற்றில் வாழும் தூசிப் பூச்சிகளும் ஈரமான காற்றில்தான் பெருகுகின்றன. இவை இரண்டும் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் தூண்டுபவை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்கு மூச்சு தொடர்பான தொல்லைகளும் ஆஸ்துமா கடுமையாவதும் மிகுதி என்று உலக சுகாதார அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. கைக்குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் இதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது.

பொருள்களுக்கும் கேடு உண்டு. கேமரா வில்லைகளில் பூஞ்சணம் இழையோடும். மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். பத்திரங்களும் சான்றிதழ்களும் பழுப்பேறிப் புள்ளி விழும்.

மறுபக்கமும் உண்டு. ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் தொண்டை வறளும், கண் எரியும், மரச்சாமான்களிலும் வீணை போன்ற மர இசைக்கருவிகளிலும் விரிசல் விடும். ஆகவே வீட்டுக்கு 45 முதல் 55 சதவீதம் வரை போதுமானது.

வரலாற்றுக் குறிப்பு

1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. அதைச் சரிசெய்யவே வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் ஒரு குளிர்விப்பு அமைப்பை வடிவமைத்தார். இன்றைய ஏ.சி.யின் தொடக்கம் இதுதான். அதன் முதல் வேலை மனிதருக்குக் குளிர்ச்சி தருவதன்று, காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே. நம் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்ற அங்குள்ள வறண்ட வானிலை இயற்கையாகவே துணைசெய்தது. ஈரமான ஊர்களில் அந்த வறட்சியைக் கருவியால் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

வகைகள்

அமுக்கி வகை: குளிர்சாதனப் பெட்டியைப் போலவே கம்பிரசர் கொண்டது. விசிறி அறைக் காற்றை இழுத்து, குளிர்ந்த சுருள் குழாயின் மீது செலுத்தும். அங்கே நீராவி துளியாகி வாளியில் சொட்டும். பிறகு அதே காற்று சூடான சுருளைக் கடந்து அறைக்குத் திரும்பும். வெப்பமான ஊர்களுக்கு ஏற்றது இதுவே.

உறிஞ்சு வகை: ஈரத்தை ஈர்க்கும் பொருள் பூசிய சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஈரத்தை உறிஞ்சும். மறுபக்கம் சூடேற்றி அதை வெளியேற்றும். குளிர்ந்த அறையிலும் நன்கு வேலை செய்யும். மின்செலவு கூடுதல்.

பெல்டியர் வகை: கைக்கு அடக்கமான சிறு கருவி. விலை குறைவு, ஓசை குறைவு. ஆனால் பொதுவாக ஒரு நாளில் அரை லிட்டர் அளவுக்குள்தான் நீர் எடுக்கும். ஓர் அலமாரிக்கோ சிறு பெட்டி அறைக்கோ போதும். விலையைப் பார்த்து இதைக் கூடத்துக்கு வாங்கிவிட்டு, கருவியே பயனற்றது என்று சலித்துக்கொள்வோர் பலர்.

மின்சாரம் இல்லாதவை: கால்சியம் குளோரைடு நிரப்பிய டப்பாக்களும் தொங்கும் பைகளும், சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இவ்வகை. அலமாரி, பெட்டி போன்ற மூடிய சிறு இடங்களுக்கே இவை பொருந்தும். கால்சியம் குளோரைடு கரைந்து சேரும் நீர் சாதாரண நீரன்று. அது தோல் பொருள்களையும் உலோகத்தையும் அரிக்கும், துணியில் கறை விடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

தேவையா என்று அறிதல்

கருவி வாங்கும் முன் ஓர் ஈரப்பதமானி வாங்குவது நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காலை, பகல், இரவு என ஒரு வாரம் அளவைக் குறித்து வாருங்கள். பெரும்பாலும் 60-க்கு மேல் நின்றால் கருவிக்கு வேலை உண்டு.

மலிவான ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்பதை உப்பைக் கொண்டு சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, குழையும் அளவுக்கு மட்டும் சில சொட்டு நீர் விடவும். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. இதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி ஓர் இரவு விடவும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதமாக நிலைத்திருக்கும். மானி 70 என்று காட்டினால், அது 5 குறைவாகக் காட்டுகிறது என்று கணக்கில் கொள்ளலாம்.

அடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஈரமான சுவரை ஒரு முழ அளவுக்குத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுப்பட்டையால் நன்கு ஒட்டிவிடுங்கள். ஓரிரு நாள் கழித்துத் தாளின் வெளிப்புறம், அதாவது அறையை நோக்கிய பக்கம் வியர்த்திருந்தால், ஈரம் காற்றிலிருந்து வருகிறது. தாளின் பின்புறம் ஈரமாக இருந்தால், சுவரிலேயே ஓதம் ஏறியிருக்கிறது அல்லது குழாய் கசிகிறது. பின்னதற்குக் கொத்தனாரையும் குழாய் வேலை செய்பவரையும் அழைக்க வேண்டும். கூரை ஒழுகும் வீட்டில் கருவியை ஓட்டுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போன்றதாகும்.

கொள்ளளவைத் தேர்ந்தெடுத்தல்

‘ஒரு நாளைக்கு 20 லிட்டர்’ என்று பெட்டியில் எழுதியிருப்பது, 24 மணி நேரமும் ஓடினால் எடுக்கக்கூடிய நீரின் அளவு. வாளியின் கொள்ளளவு வேறு. அது பெரும்பாலும் 2 முதல் 5 லிட்டர் வரை இருக்கும். மேலும், அந்த 20 லிட்டர் என்பது பெரும்பாலும் 30°செ வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சோதனை அறையில் அளந்தது. அறை குளிர்ந்தாலோ காற்று உலர்ந்தாலோ அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

பொதுவாக, 120 முதல் 150 சதுர அடி உள்ள படுக்கையறைக்கு 10 அல்லது 12 லிட்டர் கருவியும், 300 சதுர அடிக்கு மேற்பட்ட கூடத்துக்கு 20 லிட்டர் கருவியும் போதும். விரும்பிய ஈரப்பதத்தைக் குறித்து வைக்கும் வசதி, வாளி நிறைந்தால் தானே நிற்கும் வசதி, குழாய் பொருத்தும் வசதி ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கனடா, அமெரிக்காவில் வாழும் தமிழர் வீடுகளில் நிலவறைக்கு இக்கருவி வழக்கமானது. அங்கு அளவு ‘பைண்ட்’ கணக்கில் இருக்கும். ஓர் அமெரிக்க பைண்ட் என்பது ஏறத்தாழ 0.47 லிட்டர். அமெரிக்காவில் 2019 முதல் சோதனையைக் குளிர்ந்த அறையில் செய்யத் தொடங்கியதால், முன்பு 70 பைண்ட் என்று விற்ற கருவிக்கு நிகரானது இப்போது 50 பைண்ட் என்று வருகிறது. கருவியின் திறன் குறைந்துவிடவில்லை, அளக்கும் முறைதான் மாறியது.

இயக்கும் முறை

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். 28°செ வெப்பநிலையில் ஈரப்பதத்தை 85 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாகக் குறைக்க, கன மீட்டருக்கு 8 கிராமுக்குச் சற்று மேல் நீராவியை எடுக்க வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 280 கிராம், அதாவது ஒன்றரை டம்ளர் தண்ணீர்கூட இல்லை. ஆனால் முதல் நாள் வாளியில் மூன்று நான்கு லிட்டர் சேர்கிறதே, எப்படி? மீதி நீர் சுவர், மெத்தை, துணி, புத்தகம் ஆகியவற்றில் ஊறியிருந்ததும், கதவு சன்னல் இடுக்குகளின் வழியே புதிதாக நுழைந்ததும் ஆகும்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கதவு சன்னல்களைச் சாத்திவிட்டே இயக்க வேண்டும். சன்னல் திறந்திருந்தால் கருவி தெருவின் ஈரத்தை எடுக்க முயன்றுகொண்டிருக்கும். இரண்டு, அறைக் காற்று ஒரு மணி நேரத்தில் உலர்ந்தாலும், ஊறிய பொருள்கள் உலரச் சில நாள்கள் ஆகும். முதல் நாளே பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

கருவியைச் சமதளத்தில் நிமிர்த்தி, சுவரிலிருந்தும் சாமான்களிலிருந்தும் குறைந்தது ஓர் அடி தள்ளி வைக்கவும். காற்று போகும் வழியையும் வரும் வழியையும் திரை மறைக்கக் கூடாது. படுக்கவைத்து எடுத்துவந்த கருவியை நிமிர்த்தி வைத்து, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பின்பே இயக்க வேண்டும். அலமாரிக் கதவுகளைத் திறந்து, பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்தி வைத்தால் பின்புறமும் உலரும். அளவை 55-இல் வைத்தால் போதும். 35-இல் வைத்தால் கருவி ஓயாமல் ஓடும், பலன் கூடாது. ஈரப்பதமானியைக் கருவிக்கு அருகில் வைக்காமல் அறையின் எதிர்ப்பக்கத்தில் வைக்கவும்.

வெளியே வெயில் அடித்துக் காற்று உலர்ந்திருக்கும் நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டுச் சன்னல்களைத் திறந்துவிடுவதே சிறந்தது. அதற்குச் செலவும் இல்லை.

மின்செலவும் வெப்பமும்

250 வாட் கருவி எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 2 யூனிட் செலவாகும்.

இக்கருவி அறையைக் குளிர்விக்காது, சற்றுச் சூடாக்கும். ஒரு லிட்டர் நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வெளிப்படுகிறது. கருவி செலவிடும் மின்சாரமும் வெப்பமாகி அதே அறையில்தான் தங்குகிறது. ஏ.சி. இந்த வெப்பத்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஈரப்பதம் நீக்கி தள்ளுவதில்லை. ஆகவே சென்னையின் மே மாதப் புழுக்கத்துக்கு ஏ.சி.தான் பொருந்தும், அதுவே ஈரத்தையும் எடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏ.சி. போட்டால் குளிரும், போடாவிட்டால் துணி காயாது என்ற நிலையில்தான் ஈரப்பதம் நீக்கி கைகொடுக்கும்.

பாதுகாப்பு

இது மணிக்கணக்கில் ஆளில்லாமல் ஓடும் கருவி. உள்ளே நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கின்றன. அமெரிக்காவில் 2013-இல் கிரீ நிறுவனம் தயாரித்துப் பல வணிகப் பெயர்களில் விற்ற 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரப்பதம் நீக்கிகள், அதிகச் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தால் திரும்பப் பெறப்பட்டன. 2023-இல் அதே நிறுவனத்தின் மேலும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளுக்கு அதே அறிவிப்பு வந்தது. பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்கும்போது அதன் மாதிரி எண்ணைத் திரும்பப் பெறும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். கீழ்க்காணும் விதிகளையும் கடைப்பிடிக்க வேண்டும்.

• நில இணைப்புள்ள மூன்று துளைச் சுவர்ச் செருகியில் நேரடியாகச் செருகவும். நீட்டிப்பு வயரிலோ, பல கருவிகள் தொங்கும் பலகையிலோ செருக வேண்டாம்.

• மின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் கேட்டு உறுதிசெய்யவும். கசிவு மின்சாரம் பாய்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிப்பது அதுவே.

• மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் இயக்காமல் மூன்று நிமிடம் விடவும். கம்பிரசருக்கு அந்த ஓய்வு தேவை.

• ஈரக் கையுடன் செருகியைத் தொடாதீர்கள். வாளியை எடுக்கும் முன் கருவியை நிறுத்தவும்.

• ஈரத்துணியைக் கருவியின் மேல் போடாதீர்கள். நீர் சொட்டும் கொடிக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள்.

• சூடு வாடை, கருகிய நாற்றம், வழக்கமில்லாத ஓசை, வயர் சூடாவது இவற்றில் எது தெரிந்தாலும் உடனே செருகியைப் பிடுங்கிவிட்டுப் பழுது பார்க்கக் கொடுக்கவும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது ஓடவிட வேண்டாம்.

• புதிய கருவிகள் பலவற்றில் ஆர்-290 என்ற குளிர்பொருள் உள்ளது. அது புரொப்பேன், எரியக்கூடிய வாயு. சுருளில் படிந்த பனியைக் கத்தியால் சுரண்டுவதோ சூடு காட்டுவதோ கூடாது. கையேட்டில் குறித்துள்ள அளவைவிடச் சிறிய அறையில் பயன்படுத்தவும் கூடாது.

• வெள்ளம் புகுந்த வீட்டில் தரையில் நீர் நிற்கும்வரை எந்த மின் கருவியையும் இயக்காதீர்கள். நீரை இறைத்து, தரையைத் துடைத்து, மின்பணியாளர் இணைப்புகளைச் சோதித்த பின்பே இதற்கு வேலை.

மலைப்பகுதிகளில்

உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற ஊர்களில் அறை வெப்பநிலை 15°செ அளவுக்குக் கீழே போகும்போது அமுக்கி வகைக் கருவியின் சுருளில் பனி படியும். கருவி அடிக்கடி நின்று பனியை உருக்கும். நீர் குறைவாகவே சேரும். அங்கு உறிஞ்சு வகை ஏற்றது. காற்றைச் சற்றுச் சூடாக்கினாலும் ஒப்பு ஈரப்பதம் குறையும். 10°செ வெப்பநிலையில் முழு ஈரத்துடன் இருக்கும் காற்றை 20°செ வரை சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 55 சதவீத அளவுக்கு இறங்கிவிடும்.

ஆனால் அதற்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. தூக்கத்திலேயே உயிர் பிரிந்த நிகழ்வுகள் மலையூர்களில் நடந்துள்ளன. குளிருக்கென்றாலும், ஈரத்துக்கென்றாலும் இதைச் செய்யக் கூடாது.

சேகரமாகும் நீர்

வாளியில் சேர்வது பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் குடிநீரன்று. அறைத் தூசியும் நுண்ணுயிரிகளும் சுருளின் உலோகத் துணுக்குகளும் அதில் இருக்கலாம். காய்ச்சினாலும் உலோகம் போகாது. சமையலுக்கும், இன்வெர்ட்டர் மின்கலத்துக்கும் இது ஆகாது. தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற, அழகுச் செடிகளுக்கு விடப் பயன்படுத்தலாம்.

பராமரிப்பு

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி நீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டவும். அடைத்த வடிகட்டி நீர் சேர்வதைக் குறைக்கும், கருவியைச் சூடாக்கும். வாளியை நாள்தோறும் காலிசெய்து, வாரம் ஒருமுறை சோப்பு நீரால் கழுவவும். வாளியில் வழவழப்பு ஏறினால் கருவியே பூஞ்சணத்தைப் பரப்பும். குழாய் பொருத்தினால், நீர் எதிர்த்து வராதபடி குழாய் நெடுகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் வாளியையும் உள்பகுதியையும் உலரவிட்டு, நிமிர்ந்த நிலையிலேயே மூடி வைக்கவும்.

ஏற்கெனவே உள்ள பூஞ்சணம்

ஈரப்பதம் நீக்கி பூஞ்சணத்தின் வளர்ச்சியை நிறுத்தும், படிந்திருப்பதை நீக்காது. உலர்ந்து ஒட்டியிருக்கும் பூஞ்சணமும் ஒவ்வாமை தரும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். பிளீச்சிங் நீரையும் ஆசிட் போன்ற பிற கழுவும் நீர்மங்களையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து நச்சு வாயு வரும். துடைத்த இடத்தில் மறுபடியும் பூஞ்சணம் வருகிறதென்றால், பிளாஸ்டிக் தாள் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். ஈரத்தின் ஊற்று அடைபடாமல் இருக்கிறது என்று பொருள்.

வீட்டிலேயே உண்டாகும் ஈரத்தைக் குறைப்பதும் வேண்டும். சமைக்கும்போது பாத்திரத்தை மூடுவது, வெளியேற்றும் விசிறியைப் போடுவது, குளித்தபின் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் சன்னலைத் திறந்துவைப்பது, ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப்போடாமல் ஓர் அறையில் மட்டும் போட்டு அங்கே கருவியை வைப்பது ஆகியவை கருவியின் சுமையைக் குறைக்கும். இவற்றைச் செய்தபின் பல வீடுகளில் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஓட்டினாலே போதுமானதாக இருக்கும்.